சுரங்க ஊரில் விஞ்ஞான நாவல்

விரும்பிப் படித்த நூலைப் பிறருக்கு எடுத்துரைக்க வேண்டும் என்னும் ஆவல் படிக்கும் பழக்கமுடைய யாவர்க்கும் உண்டு. ஆயினும் எல்லா நாவல்களும் அதற்கு ஒன்றுபோல் இடந்தருவதில்லை. துப்பறியும் கதையைச் சொல்லப் புகுந்தால், சிறிது வாய் தவறினும் கதையின் உயிர் போய்விடும். குடும்பக் கதையைச் சுருக்கிச் சொன்னால் எலும்பு மட்டுமே மிஞ்சும். விஞ்ஞான நாவலின் நிலை வேறு. அறிவியல் புனைகதை என்று இக்காலத்தார் அதற்கு வேறொரு பெயரும் இட்டிருக்கின்றனர். அதன் அடியில் ஒரு கேள்வி கிடக்கிறது. மனிதன் பூமியின் உட்புறத்துக்கு இறங்கிச் சென்றால் எதைக் காண்பான்? உழைப்பதற்கென்றே ஓர் இயந்திர இனத்தைப் படைத்துவிட்டால் என்ன நேரும்? இத்தகைய கேள்வியை ஒருவர் எழுப்பினால் போதும். நூலைக் கண்ணாலும் பாராத மற்றவர் தமக்குத் தோன்றிய விடையைச் சொல்லத் தொடங்கிவிடுவார். அவ்விடைக்கும் நாவலாசிரியர் தந்த விடைக்கும் உள்ள வேற்றுமையிலேதான் சுவை பிறக்கிறது. ஆகவே பலர் கூடியிருந்து படிப்பதற்கும் பேசுவதற்கும் இவ்வகை நாவலைப் போல் ஏற்றது வேறில்லை என்பது நம் கருத்து.

வெளி மாநிலங்களில் வாழும் தமிழர்க்கு இப்பழக்கம் எவ்வாறு பயன்படும் என்பதை ஓர் ஊரை முன்னிறுத்திச் சொல்ல விரும்புகிறோம். அவ்வூர் கர்நாடகத்துக் கோலார் தங்கவயலைச் சேர்ந்த சாம்பியன் ரீப்ஸ். ஜான் டெய்லர் குழுமத்தார் 1880ஆம் ஆண்டு தொடங்கி அங்கே சுரங்கத் தொழிலை வளர்த்தனர். வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் முதலிய பகுதிகளிலிருந்து தொழிலாளர் குடும்பம் குடும்பமாகச் சென்று, வரிசை வரிசையாய் அமைந்த லைன் வீடுகளில் குடியேறினர். சிவசமுத்திரத்து நீர்வீழ்ச்சியில் எடுத்த மின்சாரம் 1902ஆம் ஆண்டில் முதன்முதலாகச் சென்று சேர்ந்தது பெங்களூருக்கு அன்று, இந்தத் தங்கவயலுக்கே. ஏறத்தாழ 120 ஆண்டுகளில் 800 டன்னுக்கு மேற்பட்ட பொன் அங்கிருந்து வெளிவந்தது. சாம்பியன் ரீப்ஸ் சுரங்கம் பூமிக்குள் 3 கிலோமீட்டருக்கும் கீழே சென்று, உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றாயிற்று. 2001ஆம் ஆண்டு பிப்ரவரி மாத இறுதியில் சுரங்கங்கள் மூடப்பட்டன. ஊர் மட்டும் இருக்கிறது. அங்குள்ளவர்களில் பலர் விடியற்காலையில் மாரிகுப்பத்தில் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இரவில் வீடு திரும்புகின்றனர்.

புத்தகம் என்பது இவ்வூருக்குப் புதிய பொருளன்று. அயோத்திதாசப் பண்டிதர் 1907ஆம் ஆண்டில் சென்னையில் தொடங்கிய ‘தமிழன்’ பத்திரிகைக்குத் தங்கவயலில் ஆர்வமிக்க வாசகர் இருந்தனர். பண்டிதர் மறைந்தபின் அப்பத்திரிகை 1926 முதல் அப்பாதுரையாரின் ஆசிரியப் பொறுப்பில் தங்கவயலிலிருந்தே மீண்டும் வெளிவந்தது. பண்டிதரின் நூல்களை அச்சிட்டுப் பரப்பிய சித்தார்த்தா புத்தகசாலையும் தங்கவயலைச் சேர்ந்ததே. பகலெல்லாம் பாறையைக் குடைந்தவர்கள் மாலையில் அச்செழுத்தைத் தேடினர் என்பதற்கு இவற்றைவிட வேறு சான்று வேண்டுவதில்லை. எழுத்தறிந்த ஒருவர் உரக்கப் படிக்க, அறியாத பலர் சுற்றியிருந்து கேட்பது அக்காலத் தொழிலாளர் குடியிருப்புகள் பலவற்றில் வழக்கமாக இருந்தது.

அவ்வழக்கத்தை மீண்டும் நினைப்பதற்கு இன்று ஒரு காரணம் ஏற்பட்டிருக்கிறது. தங்கவயலில் மட்டுமன்று, டெல்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வளரும் தமிழ்ப் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுகின்றனர், பள்ளியில் வேறு எழுத்துகளைக் கற்கின்றனர். காதுக்குத் தமிழ் தெரியும், கண்ணுக்குத் தெரியாது. பாட்டனார் காலத்தில் எழுத்தறியாதார்க்காகப் படித்துக் காட்டினோம். பேரப்பிள்ளை காலத்தில், மூன்று மொழி எழுத்தறிந்தும் தமிழெழுத்து அறியாதார்க்காகப் படித்துக் காட்ட வேண்டியிருக்கிறது. இது வேடிக்கைபோல் தோன்றினும் வருந்தத்தக்க நிலையே. திருக்குறளையும் சிலப்பதிகாரத்தையும் முதலில் நீட்டினால் இப்பிள்ளைகள் மரியாதையோடு வாங்கி வைத்துக்கொள்வர், அவ்வளவே. சந்திரனுக்குப் போகும் கதையை நீட்டினால், அடுத்து என்ன ஆயிற்று என்று கேட்பர்.

எந்த நாவலை யாருக்குத் தருவது என்பதில்தான் பகிர்வோரின் திறமை விளங்கும். சாம்பியன் ரீப்ஸ் போன்ற ஊரில் தொடங்கத்தக்க நூல் பிரெஞ்சு ஆசிரியர் ஜூல்ஸ் வெர்ன் 1864ஆம் ஆண்டில் எழுதிய பூமியின் மையத்தை நோக்கிய பயணக் கதையாகும். லிடன்பிராக் என்னும் ஜெர்மானியப் பேராசிரியர் பழைய ஏடு ஒன்றின் குறிப்பைக் கண்டு, ஐஸ்லாந்திலுள்ள அணைந்த எரிமலையின் வாய் வழியாகப் பூமிக்குள் இறங்குகிறார். அவருடைய மருமகன் ஆக்ஸெல் அரைமனத்தோடு உடன் செல்கிறான். ஹான்ஸ் என்னும் ஐஸ்லாந்துக்காரன் வழிகாட்டியாக அமர்த்தப்படுகிறான். மற்றவர்கள் வாதிட்டுக்கொண்டே இருக்க, அவன் பேசாமல் வேலையைச் செய்கிறான்.

இக்கதையில் ஒரு விவாதம் வருகிறது. கீழே செல்லச் செல்ல வெப்பம் மிகும் என்று ஆக்ஸெல் அஞ்சுகிறான். பேராசிரியர் அதை ஒப்பவில்லை. கதையில் பேராசிரியர் பக்கமே வெற்றி நிற்கிறது. பல மைல் இறங்கிய பின்னும் வெப்பமானி சுகமான அளவையே காட்டுகிறது. இவ்விடத்தைப் படித்துக் காட்டிவிட்டு, சாம்பியன் ரீப்ஸில் வேலை செய்த ஒரு முதியவரின் முகத்தைப் பாருங்கள். அச்சுரங்கத்தின் அடித்தளத்தில் பாறையின் வெப்பம் 60 பாகையைத் தாண்டியது. குளிரூட்டும் இயந்திரங்களை நிறுவிக் காற்றைக் கீழே செலுத்தினாலன்றி அங்கே மனிதர் உழைக்க இயலவில்லை. ஆக்ஸெல் சொன்னதே சரி என்று அம்முதியவர் தம் உடம்பில் பட்ட அறிவைக்கொண்டு தீர்ப்புக் கூறுவார். வெர்ன் எந்தச் சுரங்கத்துக்குள்ளும் 3 கிலோமீட்டர் இறங்கியவர் அல்லர். அவர் காலத்தில் அத்தனை ஆழமான சுரங்கமும் இல்லை.

கூடியிருந்து படிப்பதில் வரும் பெரும்பயனாக நாம் கருதுவது இதையே. ஊருக்குள் பள்ளிப் படிப்பு இல்லாதவர் என்று ஒதுக்கப்பட்ட ஒருவர், உலகப் புகழ்பெற்ற நாவலாசிரியரைத் திருத்தும் தகுதியைப் பெறுகிறார். அவருடைய பேரன் அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறான். பாறை அழுத்தம் தாங்காமல் திடீரென்று வெடித்துச் சிதறும் ராக் பர்ஸ்ட் என்னும் விபத்து எப்படி இருக்கும், அது வருமுன் பாறை என்ன ஒலி எழுப்பும், விளக்கு அணைந்தால் வழியை எப்படித் தடவிக் கண்டுகொள்வது என்பனவெல்லாம் வேறு வகையில் கேட்டால் வெளிவாரா. கதையின் நடுவே தாமே வந்து விழும். சுரங்கத்தில் இறங்கியவர்கள் ஆண்டுதோறும் குறைந்துவருகின்றனர் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஹான்ஸைப் பற்றி மேலும் ஒரு செய்தி. வாரம் மூன்று ரிக்ஸ்டாலர் கூலி, அது சனிக்கிழமை மாலைதோறும் தவறாது கையில் வர வேண்டும் என்பது அவன் விதித்த ஒப்பந்தம். பூமிக்குள் எவ்வளவு ஆழத்தில் இருந்தாலும், கடைகண்ணி எதுவும் இல்லாவிட்டாலும், சனிக்கிழமை வந்தால் பேராசிரியர் கூலியை எண்ணித் தருகிறார். பிரெஞ்சு வாசகர் இதை நகைச்சுவை என்று கருதிச் சிரித்திருக்கலாம். கூலி நாளை எதிர்நோக்கிக் குடும்பம் நடத்திய ஊரில் இது நகைச்சுவை அன்று. ஹான்ஸ் ஒருவன்தான் அக்கூட்டத்தில் நிதானமுள்ளவன் என்றே முடிவு செய்வார்கள். நாமும் அக்கட்சியே.

வெர்ன் படைத்த மற்றொரு பாத்திரத்துக்கும் இவ்வட்டாரத்துக்கும் எதிர்பாராத உறவு ஒன்று உண்டு. கடலடியில் நாட்டிலஸ் என்னும் கப்பலைச் செலுத்தும் கேப்டன் நெமோ யார் என்பதைப் பின்னர் எழுதிய ‘மர்மத் தீவு’ நாவலில் வெர்ன் வெளியிடுகிறார். அவர் புந்தேல்கண்டு நாட்டு இளவரசர். டக்கார் என்பது அவர் இயற்பெயர். திப்பு சுல்தானின் உறவினர் என்றும் கதை கூறுகிறது. திப்புவின் தந்தையான ஹைதர் அலி பிறந்த பூதிக்கோட்டை தங்கவயலுக்கு அருகில் கோலார் மாவட்டத்திலேயே இருக்கிறது. 1799இல் திப்பு வீழ்ந்தபின் மைசூர் நாட்டை அளக்க வந்த ஆங்கிலேய அதிகாரிகளுள் ஒருவரான ஜான் வாரனே, இங்கே மண்ணை அரித்துப் பொன் எடுக்கும் கிராமத்தாரைப் பற்றி எழுதி வெள்ளையர் கவனத்தை ஈர்த்தவர். உலகம் முழுவதும் ஐரோப்பியர் என்று எண்ணிக்கொண்டிருக்கும் ஒரு கதாநாயகர் நம் அண்டைவீட்டாரின் உறவினர் என்று சொல்லிப் பாருங்கள். பிள்ளைகள் நூலைக் கையிலிருந்து பிடுங்கிக்கொள்வர்.

கற்பனையை விடுத்து உண்மையில் நிகழ்ந்த ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். பௌலி என்னும் இயற்பியலறிஞர் 1930ஆம் ஆண்டில், மின்னூட்டமற்ற, எதனோடும் எளிதில் மோதாத நுண்துகள் ஒன்று இருத்தல் வேண்டும் என்று கூறினார். நியூட்ரினோ எனப் பின்னர்ப் பெயர்பெற்ற அதை எவரும் கண்டுபிடிக்க முடியாது என்று அவரே எண்ணினார். 1956ஆம் ஆண்டில் அணு உலை ஒன்றின் அருகே அது அகப்பட்டது. ஆனால் விண்ணிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் வாயு மண்டலத்தில் மோதுவதால் பிறக்கும் நியூட்ரினோவை யாரும் கண்டதில்லை. தரைமேல் வைத்துத் தேடினால் பிற துகள்கள் மழைபோல் பொழிந்து கருவியைக் குழப்பிவிடும். பாறைக்கு அடியில் ஆழத்துக்குச் சென்றால் மற்றவை எல்லாம் வடிகட்டப்படும். நியூட்ரினோ மட்டும் பூமியையே ஊடுருவி வந்துசேரும். மும்பையிலுள்ள டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தாரும், ஜப்பானிய ஒசாகா நகரப் பல்கலைக்கழகத்தாரும், இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரும் கூடி, சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத்தில் ஏறத்தாழ 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் கருவிகளை நிறுவினர். 1965ஆம் ஆண்டில் அங்கே அந்நியூட்ரினோவின் அடையாளம் பதிவாயிற்று. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றிலும் அதே ஆண்டில் வேறொரு குழுவினர் அதனைக் கண்டனர். 1980களில் புரோட்டான் சிதைகிறதா என்று அறிய 140 டன் எடையுள்ள கருவியையும் இதே தங்கவயலில்தான் அமைத்தார்கள்.

விண்ணின் செய்தியை அறியப் பூமிக்குள் இறங்கவேண்டியிருந்தது என்பதை எந்த நாவலாசிரியராவது எழுதியிருந்தால், நம்பத்தகாத கற்பனை என்று விமரிசகர் சொல்லியிருப்பர். கேஜ் என்னும் இரும்புக் கூண்டில் விஞ்ஞானிகள் ஏறி இறங்கியதும், அவர்களுக்குச் சுரங்கத் தொழிலாளர் தேவையாயிருந்ததும் ஊர் அறிந்த செய்தி. இதைத் தமிழ் நாவலாக விரித்து எழுத இன்னும் ஒருவர் முன்வரவேண்டும்.

ஆங்கில ஆசிரியர் வெல்ஸின் நாவல்களில் இரண்டை இவ்வூர் வாசகர்க்கென்றே பொறுக்கி எடுக்கலாம். (அவர் முதுமையில் எழுதிய நூல்களில் கதையைவிட உபதேசம் மிகுதி, அவற்றை விட்டுவிடலாம்.) சந்திரனுக்குச் சென்ற முதல் மனிதர்களைப் பற்றிய நாவல் 1901ஆம் ஆண்டில் வெளிவந்தது. தங்கவயல் செழித்திருந்த காலம் அது. சந்திரனின் உட்குகைகளில் வாழும் உயிர்கள் பூமியிலிருந்து வந்த இருவரைச் சங்கிலியால் கட்டிவைக்கின்றன. அச்சங்கிலி எதனால் ஆனது என்று உற்றுப் பார்த்தால், பொன்! அங்கே பொன் மலிந்து கிடக்கிறது. இரும்புபோல் அதனைப் பயன்படுத்துகிறார்கள். பெட்போர்டு என்னும் வணிக மனம் படைத்த பாத்திரத்துக்குத் தன்னைக் கட்டியிருக்கிறார்கள் என்ற கவலையைவிடக் கட்டிய பொருளின் விலையே பெரிதாகத் தோன்றிவிடுகிறது. டன் கணக்கில் பாறையைப் பொடித்துச் சில கிராம் பொன்னைக் கண்ட ஊரார், பொன்னுக்கு மதிப்பு எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியை அவ்விடத்தில் எழுப்பாமல் இரார். சுரங்கத்தை மூடியதற்குச் சொல்லப்பட்ட காரணமும் எடுக்கும் செலவு பொன்னின் விலையை மிஞ்சிற்று என்பதே அன்றோ!

மற்றொன்று 1895ஆம் ஆண்டில் வந்த ‘கால இயந்திரம்’. அதனை மிகவும் எச்சரிக்கையோடு பகிரவேண்டும். பல இலட்சம் ஆண்டுகளுக்குப் பின்னர் மனித இனம் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. மேலே வெயிலில் விளையாடித் திரியும் மென்மையான மக்கள். கீழே இருளில் இயந்திரங்களை இயக்கும் வெளிறிய உருவங்கள். பல தலைமுறைகளாகத் தொழிலாளரைத் தரைக்கடியில் வைத்த சமுதாயத்தின் முடிவு இது என்று கதைசொல்லி ஊகிக்கிறான். கீழுலகத்துக்குக் காற்று இறங்கும் கிணறுகளையும், அவற்றின் வாயில் காது வைத்தால் கேட்கும் இயந்திர அதிர்வையும் வெல்ஸ் வருணிப்பதைச் சுரங்க ஊரார் தம் அனுபவமாகவே உணர்வர். ஆனால் கதைசொல்லியின் அன்பு முழுவதும் மேலே இருப்பவர்களுக்கே சென்றுவிடுகிறது. கீழே இருப்பவர்கள் அருவருப்புக்கு உரியவர்களாகவே காட்டப்படுகின்றனர். இலண்டன் வாசகர் ஒருவேளை இதைக் கவனியாமல் கடந்து சென்றிருக்கலாம். தந்தையும் பாட்டனும் தரைக்கடியில் உழைத்த வீட்டில் இதைப் படிக்கும்போது, கீழே இருப்பவனைக் கேட்டால் இக்கதையை எப்படிச் சொல்வான் என்ற கேள்வி எழாமல் போகாது. அதை அடக்கவேண்டாம். அக்கேள்வியோடு படித்தால் நாவல் முன்னிலும் பெரிதாகிறது என்பது நாம் கண்டது.

இதற்குத் துணையாகச் செக் நாட்டுக் காரெல் சாபெக் 1920ஆம் ஆண்டில் எழுதிய நாடகத்தைச் சேர்த்துக்கொள்ளலாம். உலகம் முழுவதும் இன்று வழங்கும் ரோபோ என்னும் சொல் அதிலிருந்து வந்தது. செக் மொழியில் அதன் வேர்ச்சொல் நிலக்கிழாருக்குச் செய்த கட்டாய உழைப்பைக் குறிக்கும். நம் நாட்டில் வெட்டி என்று வழங்கியது அதுவே. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இதில் ஒரு சிந்தனை. எந்திரன், பொறியாள் முதலிய சொற்களெல்லாம் இயந்திரத்தைக் குறிக்கின்றனவேயன்றி அந்த வெட்டியுழைப்பைக் குறிக்கவில்லை. சொல் நன்றாகத்தான் இருக்கிறது. அதில் ஒட்டியிருந்த வியர்வை மட்டும் துடைக்கப்பட்டுவிட்டது.

ஆர்தர் கிளார்க் 1979ஆம் ஆண்டில் வெளியிட்ட சொர்க்கத்தின் நீரூற்றுகளைப் பற்றிய நாவல் இலங்கையை மாதிரியாகக் கொண்ட தாப்ரபேன் தீவில் நடக்கிறது. ஆசிரியரும் 1956 முதல் 2008இல் மறையும்வரை இலங்கையிலேயே வாழ்ந்தவர். மலையுச்சியிலிருந்து விண்வெளி வரையில் ஒரு தூக்கி அமைக்க முயலும் பொறியியலாளரின் கதை அது. இந்நூலை யாருக்குத் தரவேண்டும்? கேஜை இழுக்கும் எஃகு வடத்தைப் பார்த்துப் பழகியவருக்கு. ஏனெனில் இரண்டும் ஒரே சிக்கல். வடம் கூண்டை மட்டும் தாங்கவில்லை, தன்னைத்தானே தாங்குகிறது. நீளம் கூடக்கூட அதன் சொந்த எடையே அதை அறுக்கப் பார்க்கும். மிக உறுதியான எஃகுக் கம்பியும் ஏறத்தாழ 25 கிலோமீட்டர் நீளம் தொங்கவிட்டால் தன் எடையால் தானே அறும் என்று கணக்கிடலாம். ஆட்களை ஏற்றும் வடத்துக்குப் பல மடங்கு பாதுகாப்பு வேண்டுமாதலால் அதில் ஒரு சிறு பங்கு நீளமே பயன்படும். ஆழமான சுரங்கத்தில் ஒரே இழுப்பில் அடிவரை செல்லாமல், இடையில் இறங்கி வேறு கூண்டில் ஏறிக் கட்டங்கட்டமாகச் செல்வதற்கு இதுவும் ஒரு காரணம். கிளார்க்கின் பொறியாளர்க்கு வேண்டிய நீளமோ 36,000 கிலோமீட்டர்! எஃகால் ஆகாது என்பதை வடத்தைக் கையாண்டவர் நொடியில் சொல்லிவிடுவார். அப்படியானால் எதனால் ஆகும் என்று அவரே கேட்பார். அப்போது நூலைத் திறக்கவேண்டும்.

தமிழிலேயே எழுதப்பெற்றவற்றில் முதலில் நினைவுக்கு வருபவர் சுஜாதா. சீரங்கத்துக்காரரான அவரும் வெளி மாநிலத் தமிழரே. பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பணியாற்றினார். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கிய பணியில் அவருக்குப் பங்கு உண்டு. 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த ‘என் இனிய இயந்திரா’வில் வரும் ஜீனோ என்னும் இயந்திர நாய், தமிழ் வாசகரின் செல்லப்பிள்ளை ஆகிவிட்டது. அது புத்தகம் படிக்கும் நாய். படித்துப் படித்து அறிவு வளர்க்கிறது. எதிர்காலத்தில் அரசு மனிதரின் பெயரையும் பிறப்பையும் இறப்பையும் கணக்கிட்டு ஆள்கிறது என்பது வரை சொல்லலாம். ஆள்பவர் யார் என்பதைச் சொல்லலாகாது. ‘மீண்டும் ஜீனோ’ அதன் தொடர்ச்சி. முதல் நூலின் விறுவிறுப்பு அதில் இல்லை என்பது நம் எண்ணம், ஜீனோவின் பேச்சு மட்டும் முன்னிலும் நயமாக இருக்கிறது. தமிழ் மரபின் பழைய அறிவுத்துறைகளையே களமாக வைத்து எழுதப்பட்ட ஜெயமோகனின் ‘விசும்பு’ சிறுகதைகள் பெரியவர்களுக்கு ஏற்றவை.

வாழும் மாநிலத்தின் மொழியிலிருந்தும் கடன் வாங்குதல் நன்று. கொல்கத்தாவில் இருப்போர்க்கு சத்யஜித் ராயின் பேராசிரியர் ஷொங்கு கதைகள் உண்டு. ஜகதீச சந்திர போஸ் 1896ஆம் ஆண்டில் கூந்தல் தைல நிறுவனம் ஒன்று நடத்திய போட்டிக்கு எழுதிய கதையில், கடலில் எழுந்த புயல் ஒரு புட்டி தைலத்தால் அடங்குகிறது. மும்பையில் இருப்போர்க்கு வானியலறிஞர் ஜயந்த் நார்லிகரின் மராத்திக் கதைகள். வங்கத்து ரொக்கையா பேகம் எழுதிய ‘சுல்தானாவின் கனவு’ 1905ஆம் ஆண்டில் முதன்முதல் அச்சேறியது சென்னையில் கமலா சத்தியநாதன் நடத்திய மாதர் பத்திரிகையில் என்பது நம்மவர் பலர் அறியாத செய்தி. பெண்கள் ஆளும் நாட்டில் சூரிய வெப்பத்தால் சமையல் நடக்கிறது. ஆகாய ஊர்தி பறக்கிறது. ஆண்கள் வீட்டுக்குள் அடைபட்டுக் கிடக்கின்றனர். இதைப் பெண்கள் நிறைந்த கூட்டத்தில் படித்துக் காட்டினால் சிரிப்பு அடங்கச் சிறிது நேரமாகும்.

படித்துக் காட்டும் முறையைப் பற்றிச் சுருக்கமாக. முழு நூலையும் படிக்க முனைய வேண்டாம். ஒரு மாலைக்கு ஓர் அத்தியாயம் போதும். பிறமொழி நூலாயின் முதல்நாளே படித்து வைத்துக்கொண்டு, கூட்டத்தில் தமிழில் சொல்லிக்கொண்டே போகலாம். விஞ்ஞானச் சொற்களுக்கெல்லாம் தூய தமிழ் தேடி இடர்ப்பட வேண்டியதில்லை. நியூட்ரினோ நியூட்ரினோவாகவே இருக்கட்டும். ஷாப்ட்டையும் கேஜையும் ஊரார் தமிழாக்கிக்கொண்டது போல அதுவும் வழக்கில் வந்துவிடும். மொழிபெயர்ப்பாளர் இப்படிச் சொல்லலாமா என்று அலுவலகத்து நண்பர் கேட்கக்கூடும். கோப்புக்கு ஒரு தமிழ், கூடத்துக்கு ஒரு தமிழ். பெங்களூர் ரயிலில் ஒரே பெட்டியில் நாள்தோறும் செல்வோர் இதனைப் பயணத்திலேயே செய்யலாம். 1938ஆம் ஆண்டில் அமெரிக்க வானொலியில் வெல்ஸின் செவ்வாய்க் கிரகப் படையெடுப்புக் கதையைச் செய்தி அறிக்கைபோல் நாடகமாக்கியபோது சிலர் மெய்யென நம்பி அஞ்சினர். நாடே அலறி ஓடியது என்று பத்திரிகைகள் பெருக்கி எழுதிவிட்டன. எனினும் குரலுக்கு உள்ள ஆற்றல் மறுநாள் எல்லோர்க்கும் தெரிந்தது.

மீண்டும் லிடன்பிராக்கிடம் வருவோம். பூமிக்கடியில் அவர் ஒரு பெருங்கடலைக் காண்கிறார். தெப்பம் கட்டி அதில் பயணம் செய்கிறார். புயலும் பழங்கால விலங்குகளின் போரும் உள்ள அப்பகுதி நூலின் உச்சம். குழந்தைகள் அதைத்தான் மறுபடியும் மறுபடியும் கேட்பர். சாம்பியன் ரீப்ஸ் முதியவர் ஒருவர் கூட்டத்தில் இருந்தால், அத்தனை தண்ணீரையும் யார் இறைக்கிறார்கள் என்று கேட்பதற்கு இடமுண்டு. சுரங்கத்தில் ஊறும் நீரை இரவும் பகலும் இறைத்தால்தான் வேலை நடக்கும். 2001ஆம் ஆண்டுக்குப் பின் அந்த இறைப்பு நின்றது. ஆழத்திலிருந்து நீர் ஏறி, ஆட்கள் நின்று உழைத்த தளங்களையும் நியூட்ரினோக் கருவி இருந்த இடத்தையும் மூடிவிட்டது. பேராசிரியர் தெப்பம் கட்டிய அத்தியாயத்தைப் படிக்கும் மாலையில் இச்செய்தியைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியவர் அந்த முதியவரே. நூலைச் சற்று மூடிவைத்து அவர் பேசுவதற்கு இடம் விடுக.